பக்கத்து வீட்டுக்கு எத்தனை கட்டை?

தமிழ்நாட்டு அரிசி எங்கள் தோட்டத்தில் பகிரப்பட்ட அன்றைக்கும் மழை. இலங்கையின் தெரணியகலையில் மழை பெய்யாத நாளைத்தான் குறித்து வைப்போம். என்றாலும் 2022 ஆம் ஆண்டின் அந்த மழை நினைவில் நிற்கக் காரணம் உண்டு. பெயர் வாசிக்கப்பட்டவர்கள் பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரைக்குக் கீழே நின்றார்கள்; வாசிக்கப்படாதவர்கள் கூரைத் தண்ணீர் கொட்டும் இடத்தில் நின்றார்கள். காம்பரா ஒன்றுக்கு ஒரு பை என்று கணக்கு. ஒரே காம்பராவில் குறுக்கே சீலை கட்டி, அப்பன் குடும்பம் ஒன்றும் கலியாணம் முடித்த மகன் குடும்பம் ஒன்றுமாக இரண்டு அடுப்பு எரிவது பட்டியல் எழுதியவருக்குத் தெரியாது. முகவரி ஒன்று, ஆகவே குடும்பமும் ஒன்று.

எங்கள் லயத்தின் தொங்கல் காம்பராவில் இருக்கும் பெரியம்மா தன் பையை இஸ்தோப்பில் பிரித்தார். சுண்டை எடுத்துத் தலைதட்டி அளந்து, பாதியைப் பக்கத்துக் காம்பராவின் பேசினில் கொட்டினார். கடைசிச் சுண்டு அரையாகப் போனது. அந்த அரையையும் அங்கேயே போட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் மாஸ்டர், மெட்ராசுல இல்லாத சனமே இல்லையா? அதுகள விட்டுப்புட்டு நமக்கு எதுக்கு அனுப்புனாங்க?"

கேள்வி நியாயமானது. 2022 ஏப்ரல் 29 அன்று பொருளாதார நெருக்கடியில் சிக்கிய இலங்கைக்கு உதவத் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 40,000 தொன் அரிசிக்கு 80 கோடி, மருந்துகளுக்கு 28 கோடி, 500 தொன் பால்மாவுக்கு 15 கோடி. ஆக 123 கோடி இந்திய ரூபாய். மே 18 இல் சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் கப்பல் 22 இல் கொழும்புக்கு வந்தது. ஏழு கோடிக்கு மேற்பட்ட சனத்தொகையால் வகுத்தால் தலைக்குப் 17 ரூபாய், ஒரு தேத்தண்ணிக் காசு. ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு பசித்தவனிடம் செல்லுபடியாகாது. சென்னையில் நடைபாதையில் படுப்பவர் ஒருவர், அந்த 80 கோடி அரிசியை எங்களுக்குத் தரலாமே என்று கேட்டிருந்தால், முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் என்ன பதில் சொல்லியிருப்பார்?

ஒரு பதில் இருந்தது. அங்கே குடும்ப அட்டைக்கு நியாயவிலைக் கடையில் 2011 முதல் அரிசி இலவசம். கிடைக்காதவர்கள் இருப்பார்கள், தரம் பற்றிய முறைப்பாடும் இருக்கும். ஆனாலும் உள்ளூர்ப் பசிக்கு அங்கே ஓர் அட்டை இருக்கிறது, கேட்கப்போக ஒரு கடை இருக்கிறது. உள்ளூர்க்காரனுக்கு உரிமையாக எழுதிவைத்த பிறகு வெளியூர்க்காரனுக்குத் தருமமாகக் கொடுத்தார்கள். பெரியம்மாவிடம் அன்றைக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை. அரிசி நல்ல அரிசி என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து அதே கேள்வி வேறு முகத்தோடு வந்தது. 2024 ரமழானை முன்னிட்டு ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கம் காசா சிறுவர் நிதியம் என ஒன்றைத் தொடங்கியது. அமைச்சுகளும் அரச நிறுவனங்களும் வழக்கமாக நடத்தும் இப்தார் நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு, அந்தப் பணத்தை நிதியத்தில் சேர்க்கச் சொன்னார்கள். ஏப்ரல் முதலாம் திகதி 10 லட்சம் அமெரிக்க டொலர் கையளிக்கப்பட்டது. பொதுமக்களும் வங்கிக் கணக்கில் போடலாம் என்று அறிவித்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்புதான் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த நாடு இது.

தெரணியகலை டவுனில் நான் தேத்தண்ணி குடிக்கும் கடையில் ஒரு வாரம் இதே பேச்சு. "நம்ம புள்ளைங்க வெறும் ரொட்டியக் கொண்டுட்டு ஸ்கூலுக்குப் போவுதுங்க, இவங்களுக்கு காசா கேக்குதா?" என்றார் ஒருவர். இன்னொருவர், சத்தம் போடாத மனிதர், தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று பழமொழியோடு முடித்துக்கொண்டார். சிங்களத்திலும் அதே வாதம்தான், பழமொழி மட்டும் வேறு. முதலாளி முஸ்லிம், ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார்.

ரொட்டிக்காரர் சொன்னது பொய்யல்ல. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 கணக்கெடுப்பில் இலங்கையின் வறுமை 14.3 வீதம், தோட்டத் துறையில் மட்டும் 33.8 வீதம். மூன்று பேரில் ஒருவர். அதுவும் நெருக்கடிக்கு முந்திய கணக்கு. இதை வைத்துக்கொண்டு 'முதலில் நம் ஆட்கள்' என்று சொல்பவரைக் கல்நெஞ்சக்காரர் என்று ஒதுக்குவது எளிது, நியாயமில்லை. அந்த வாதத்தில் ஒரு பலம் இருக்கிறது, அது என்னவென்று பார்க்க எங்கள் மரண உதவிச் சங்கத்தைப் பார்த்தாலே போதும்.

தோட்டத்தில் ஒரு சாவு என்றால் ஒரு மணி நேரத்தில் என்னென்ன நடக்கும் தெரியுமா? சங்கத் தகரங்கள் இறங்கிப் பந்தல் எழும்பும். பெட்டிக்கு ஆள் போகும். சீனியும் தேயிலையும் பிஸ்கட்டும் கடையில் சொல்லப்படும். குழி வெட்டுவது எந்த லயத்தின் முறை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. செத்தவரின் மகன் கொழும்பில் எந்தக் கடையில் நிற்கிறான், அவனிடம் பஸ் காசு இருக்குமா என்பதுவரை தெரிந்த ஒருவர் இருப்பார். தலைவர் சாவு வீட்டுக்காரரிடம் காசை எல்லார் முன்னாலும் கொடுக்கமாட்டார். அடுப்படிப் பக்கம் போய்க் கொடுத்துவிட்டு வருவார். விண்ணப்பப் படிவம், கிராம சேவகரின் கடிதம், புகைப்படம் எதுவும் கிடையாது. யாருக்கு என்ன இல்லை, எவ்வளவு இல்லை, எப்படிக் கொடுத்தால் முகம் சுருங்காது என்பது கிட்ட இருப்பவனுக்கே தெரியும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தூரத்திலிருந்து போடுபவனுக்கு அளக்கச் சுண்டு இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு உலகமே இந்தத் தீவின் கரையில் காசைக் கொட்டியது. இழந்ததைவிடக் கூடுதலாகச் சிறு வள்ளங்கள் பகிரப்பட்ட கரைகள் இருந்தன. தொழிலுக்குப் போகாதவர்கள் பெயரிலும் வள்ளம் வந்தது. கொடுத்தவர்களின் மனத்தில் குறையில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் 'மீனவக் குடும்பம் ஒன்றுக்கு வள்ளம் ஒன்று' என்று யாரோ எழுதியிருப்பார். எங்கள் 'காம்பராவுக்கு ஒரு பை'யும் அதே கையெழுத்துத்தான்.

கிட்டக் கொடுப்பதா தூரத்துக்கு அனுப்புவதா என்பதைப் பற்றி இஸ்லாமியச் சட்டத்தில் நெடிய விவாதம் இருக்கிறது. ஸகாத் என்ற கட்டாயத் தருமத்தைச் சேகரித்த ஊரிலேயே பகிர்வதுதான் முறை என்பார்கள் அறிஞர்களில் பெரும்பாலோர். அங்கே தேவை தீர்ந்தாலோ, வேறிடத்துத் தேவை பெரிதானாலோ அனுப்பலாம் என்று வாசலையும் திறந்து வைப்பார்கள். கடை முதலாளி பேசாமல் இருந்தாரே, அவர் பேசியிருந்தால் எங்கள் எல்லாரையும்விடத் தெளிவாகப் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இதுவரை 'கிட்ட முதலில்' என்ற கொள்கைக்கு வெற்றி. ஆனால் கிட்ட என்றால் எது?

எங்கள் பக்கம் தூரத்தை மைல் என்று சொல்லாமல் கட்டை என்றே சொல்வோம். டவுனுக்கு மூன்று கட்டை, ஆஸ்பத்திரிக்கு நாலு கட்டை. இறப்பர்த் தோட்டத்தைத் தாண்டி இறங்கினால் சிங்களக் கிராமம். முக்கால் கட்டைகூட இல்லை. எங்கள் பழைய ஆட்கள் அந்தக் கிராமத்தை 'நாடு' என்பார்கள். "நாட்டுக்குப் போயி பலாக்கா வாங்கிட்டு வாறேன்" என்பார்கள். சொல்லைக் கவனியுங்கள்: பேசுகிறவர் நாட்டுக்கு வெளியே நிற்கிறார். 1948 இல் எங்களை வெளியே நிறுத்திய பிரஜாவுரிமைச் சட்டம் சொன்னதை நாக்கு தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

சட்டம் அதோடு நிற்கவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் இருக்கும் வீதிக்கும் கிணற்றுக்கும் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று சொல்லிவந்தார்கள். சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் வரலாம். ஆனால் அந்த உறுப்பினர் தன் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கூடை கல் போட முடியாது. 2018 இல்தான் அதைத் திருத்தினார்கள். முப்பத்தொரு வருடம்! கிராமத்து எல்லையில் தார் முடிகிற இடத்தில் சர்வதேச எல்லை ஒன்று ஓடியது. அந்த முக்கால் கட்டையைவிடச் சென்னைத் துறைமுகம் கிட்ட இருந்தது என்று சொன்னால் அது மிகையா?

2016 மே 17 அன்று எங்கள் கேகாலை மாவட்டத்தில் மலை சரிந்தது. அரநாயக்கவில் சாமசர மலை இறங்கி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயங்கள் மீதும் மண் இறங்கியது. பத்துக்கும் மேற்பட்ட தோட்டத்து ஆட்கள் போனார்கள். நாடே உதவி அனுப்பியது, லொறி லொறியாக. ஆனால் செய்திகளில் அரநாயக்க என்ற பெயர் நிலைத்த அளவுக்குக் களுபஹன நிலைக்கவில்லை. பெரிய சாவுக்குப் பெரிய எழுத்து என்று அதற்கு விளக்கம் சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் அடுத்து வந்த கேள்விக்கு அந்த விளக்கம் உதவாது: வீடிழந்தவனுக்கு வீடும் காணியும் என்றால், லயக் காம்பரா யாருடைய வீடு? காணி உறுதி இல்லாதவன் எதை இழந்தான் என்று எழுதுவது? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்ட பிறகும் தோட்டங்களில் இதே கேள்வி.

ஆக, 'அயலவனுக்கு முதலில்' என்பது கேட்க நன்றாக இருக்கும். அயலவன் யார் என்று எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். மொழி, பதிவேடு, வாக்காளர் இடாப்பு என்று எல்லாமும் சேர்ந்து அந்தத் தூரத்தை அளக்கின்றன. பணக்காரனுக்குப் பக்கத்து வீட்டிலும் பணக்காரனே இருப்பான் என்பதையும் மறக்கக்கூடாது. பணக்காரர் வாழும் கொழும்பு 7 இல் எல்லாரும் பக்கத்து வீட்டுக்கே கொடுத்தால் பிறந்தநாள் கேக்குகள்தாம் மதிலைத் தாண்டும். எங்கள் லயத்தில் எல்லாரும் பக்கத்துக் காம்பராவுக்கே கொடுத்தால், ஒரு பை அரிசி இரண்டு அரைப் பையாகும், அவ்வளவே. பெரியம்மா செய்தது பெரிய காரியம்; ஆனால் சென்னையிலிருந்து பை வராமல் அவர் எதை அளந்திருப்பார்?

கிட்டத்துக் கொடைக்கு இன்னொரு விலையும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கொடுத்தவன் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எதிரே நிற்பான். தேர்தலுக்கு முன் கூரைத் தகரம் வாங்கியவர்கள் தேர்தலன்று யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது தகரத்தோடு சேர்ந்தே வருகிறது. தூரத்து அரிசிக்கு அந்த வால் இல்லை. ஸ்டாலினுக்கு எங்கள் லயத்தில் ஒரு வாக்குக்கூடக் கிடையாது. முதலில் தமிழருக்கு என்றுதான் பேச்சுத் தொடங்கியது; பிரித்து அனுப்ப வேண்டாம், இலங்கை மக்கள் எல்லாருக்கும் பொதுவாக அனுப்புங்கள் என்று இங்குள்ள தமிழ்த் தலைவர்கள் கேட்டதை அவரே சட்டமன்றத்தில் சொன்னார். ஆகவே அந்த அரிசி நாட்டுப்பக்கத்துக்கும் போனது. அதே பை, அதே எழுத்து. முக்கால் கட்டை தூரத்தில் இருந்த இரண்டு அடுப்புகளில் ஒரே சோறு வெந்ததற்குக் கடல் தாண்டிய கொடை ஒன்று தேவைப்பட்டது.

வள்ளுவர் ஒப்புரவைப் பேசும் அதிகாரத்தில் ஊர்க் குளம், ஊர் நடுவே பழுத்த மரம், மருந்து மரம் என்று வரிசையாகக் கிட்டத்து உவமைகளைச் சொல்கிறார். மூன்றும் ஓரிடத்தில் நிற்பவை. நிழலும் நீரும் சுற்றியுள்ளவனுக்கு. ஆனால் அதிகாரம் தொடங்குவது மழையில். எங்கிருந்தோ வருகிறது, யாருக்குப் பெய்கிறோம் என்று பார்ப்பதில்லை, திருப்பிக் கேட்பதும் இல்லை. எங்கள் சப்ரகமுவை மாகாணத்தில் இருப்பவனுக்கு இந்த உவமையில் ஒரு சங்கடம் உண்டு: அளவில்லாத மழை எங்கள் மலையைச் சரிக்கும். இருந்தாலும் மழையின்றிக் குளம் ஏது?

மேற்கே இந்த வழக்கைத் தூரத்துக்குச் சார்பாக மிகக் கடுமையாக வாதிட்டவர் மெய்யியலாளர் பீட்டர் சிங்கர். கிழக்கு வங்கத்தில் மக்கள் உணவும் மருந்தும் இன்றி இறந்துகொண்டிருந்த 1971 இல் அவர் எழுதிய கட்டுரை, கண்முன்னே குட்டையில் மூழ்கும் பிள்ளையையும் பத்தாயிரம் மைல் தள்ளிச் சாகும் மனிதரையும் தராசின் இரண்டு தட்டில் வைத்து, தூரத்துக்கு அறத்தில் எடையே இல்லை என்றது. மறுத்துச் சொல்ல எனக்கு வாதம் கிடைக்கவில்லை. ஆனால் குட்டையில் இறங்கியவன் பிள்ளையைத் தன் கையால் தூக்குகிறான். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் நம் காசை யாரோ தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கை எந்தப் பட்டியலைப் பார்க்கும், எந்தக் காம்பராவைத் தாண்டிப் போகும் என்பதெல்லாம் சிங்கரின் தராசில் பெரிதாக வருவதில்லை.

தூரத்து உதவி அந்தக் குறையைத் தாண்டிய இடங்களும் இருக்கின்றன. பிள்ளைக்காம்பராவில் வளர்ந்த யாரிடமும் திரிபோஷா என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் அந்த மாவின் ருசி வந்துவிடும். பாக்கெட்டைக் கடித்துத் திறந்து, சீனி போட்டு உருண்டை பிடித்து, கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கொடுத்ததை அவள் பெரிய பிள்ளை பிடுங்கித் தின்னும் அந்தக் காட்சியும் வரும். 1973 இல் அமெரிக்க உதவியோடு, கெயார் நிறுவனத்தின் கையால் இங்கே வந்த உணவு அது. அமெரிக்காவிலிருந்து கலந்தே வந்த மா, பிறகு இங்கே விளைந்த சோளத்தோடும் சோயாவோடும் கந்தானைப் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாராகும் மாவாக மாறியது. இன்று அதை வெளிநாட்டுத் தருமம் என்று எந்தத் தாயும் நினைப்பதில்லை. குடும்பநல மாது கொடுப்பது, கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குவது. 2022 இல் அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது கோபம்தான் வந்தது, யாரும் கையேந்தவில்லை. 1980களில் சுவீடன் பணத்தில் எழும்பிய தோட்டப் பாடசாலைக் கட்டடங்களுக்கும் இதே கதை. தேயிலைச் செடியைக் கண்ணால் கண்டிராத யாரோ வரி கட்டியதால் எழும்பிய சுவரில் எங்கள் பிள்ளைகள் அ எழுதினார்கள்.

இனி ரொட்டிக்காரரின் வாதத்துக்கு வருவோம். 10 லட்சம் டொலர் என்பது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 30 கோடி ரூபா. அதைக் காசாவுக்கு அனுப்பாமல் தோட்டத் துறையில் வாழும் ஏறத்தாழ 9 லட்சம் பேருக்குப் பிரித்திருந்தால் தலைக்கு 330 ரூபா சொச்சம். அப்போதைய 1,000 ரூபா நாட்சம்பளத்தில் மூன்றில் ஒன்று. எங்கள் பிள்ளையின் ரொட்டிக்குச் சம்பல் இல்லாமல் போனது காசாவினால் அல்ல. 1,000 ரூபாவுக்கும் ஆறேழு வருடம் கத்த வேண்டியிருந்ததால். எங்களுக்கு வரவேண்டியவை கூலி, காணி, பாதை. இவற்றைத் தருமக் கணக்கில் எழுதி, பிறகு அந்தத் தருமம் காசாவுக்குப் போய்விட்டதே என்று வருந்துவது, கடன்காரன் கோயில் உண்டியலைக் காட்டித் தவணை கேட்பதைப் போல. இப்தார் நடந்திருந்தால் அந்தப் பணம் அமைச்சு மண்டபத்தில் பேரீச்சம்பழமாகப் போயிருக்கும். தொங்கல் காம்பராவுக்கு வந்திருக்காது.

அரசியல் கணக்கு அந்த நிதியத்தில் இருந்ததா என்றால், இருந்திருக்கலாம். அது தேர்தல் வருடம். அதற்காகப் பெற்றவனின் பசி குறைந்துவிடாது. 'முதலில் நம் ஆட்கள்' என்று மிகச் சத்தமாகச் சொல்பவர்களை நான் கவனித்திருக்கிறேன். சந்தாவுக்குத் தலைவர் வரும்போது அவர்களில் பலர் வீட்டில் இருப்பதில்லை.

கிட்ட என்றால் எது என்ற கேள்வியைத் தமிழருக்குள்ளேயே கேட்கவும் வேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் தாம் படித்த பள்ளிக்கும் தம் ஊர்க் கோபுரத்துக்கும் அனுப்புவதைக் குறைசொல்ல நான் யார்? ஊர் அவர்கள் ஊர். ஆனால் அந்தப் பாசத்தின் வரைபடத்தில் எட்டியாந்தோட்டைக்கு இந்தப் பக்கம் பெரும்பாலும் வெற்றிடம். பத்தாயிரம் கிலோமீற்றர் தாண்டி வரும் காசுக்கு வவுனியாவிலிருந்து கேகாலை எட்டாத் தூரமாகிவிடுகிறது.

2024 ஏப்ரலில் எங்கள் சங்கக் கூட்டத்திலும் காசா வந்தது. கொழும்பில் கடையில் நின்றுவிட்டு வந்த ஒரு பொடியன் எழுந்து, சங்கத்தால் 5,000 ரூபா அனுப்பலாம் என்றான். தலைவர் யாப்பை எடுத்தார்: சந்தாப் பணம் அங்கத்தவரின் சாவுக்கு மட்டும். சரியாகத்தான் சொன்னார்; அது தருமப் பணமில்லை, நாளைக்குச் சாகப்போகிறவனின் பணம். பொடியன் உட்கார்ந்துவிட்டான். அப்போது தொங்கல் காம்பராப் பெரியம்மா பின்வரிசையிலிருந்து, "அப்ப சந்தாவத் தொடாதீங்க. அந்த டின்ன இங்குட்டு அனுப்புங்க" என்றார். மேசையிலிருந்த வெற்றுப் பால்மா டின் கைமாறிக் கைமாறிப் பின்னால் போய்த் திரும்பியது. பெரும்பாலும் இருபது ரூபாத் தாள்கள்.

மறுவாரம் டவுனில் வங்கியில் போட்டுச் சிட்டையைக் கொண்டுவந்தார்கள். பொருளாளருக்கு ஒரு சிக்கல்: எதில் எழுதுவது? எங்களிடம் இருப்பது ஒரே கொப்பி, மரணக் கொப்பி. கொஞ்சம் யோசித்துவிட்டு அதிலேயே எழுதினார். திகதி எழுதினார், தொகை எழுதினார், கையெழுத்து வாங்க வேண்டிய இடத்தில் வங்கிச் சிட்டையை ஒட்டினார். பெயர் என்ற கட்டத்தில் 'பிள்ளைகள்' என்று எழுதினார். லயத்தின் இலக்கம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தவர், ஒரு சிறிய கோடு போட்டுவிட்டுக் கொப்பியை மூடினார்.